அத்தை மகனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், முன்னாடியே என்ன சோதனை பார்க்கணும்?

அல்சூர்_கயல்
செவ்வாய், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் பெங்களூரு அல்சூர். அப்பாவுக்கு ஆம்பூர் பக்கம். அப்பாவின் அக்கா மகனுக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். புதிதாகக் கேட்டதும் இல்லை, சின்ன வயதிலிருந்தே வீட்டில் இருக்கும் பேச்சுதான். எனக்கும் அவரைப் பிடிக்கும், அவருக்கும் என்னைப் பிடிக்கும். தை பிறந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள்.

அலுவலகத்தில் வடநாட்டுத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அண்ணனையா கட்டிக்கப் போறே?" என்று பதறிவிட்டாள். அவளுக்கு நம்ம முறை தெரியாது, அதை விடுங்கள். ஆனால் அடுத்து அவள் கேட்டதுதான் மனதை விட்டுப் போகவில்லை: "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

என் தாத்தாவும் பாட்டியும்கூட மாமன் மகள், அத்தை மகன்தான். அதனால் பயம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அம்மாவிடம் கேட்டால், "நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா பேசாதே" என்கிறார். உண்மையில் ஆபத்து எவ்வளவு, கல்யாணத்துக்கு முன்னாடியே என்ன பார்க்க முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்ரீராமபுரம்_பெரியவர்
செவ்வாய், இரவு 10:15

அம்மா கயல், வீணாகக் கலங்காதே. எனக்கு 71 வயது. பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளைத்தான். நாங்கள் எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பேரும் கல்லு மாதிரி இருந்தோம். நானும் மாமன் மகளைத்தான் கட்டினேன். இரண்டு பையன், ஒரு பெண், எல்லாம் நல்லபடியாக இருக்கிறார்கள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்றுதான் பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள். தெரிந்த வீடு, தெரிந்த மனுஷர்கள். பெண்ணைக் கண்கலங்க விடமாட்டார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

விவேக்நகர்_விக்கி
செவ்வாய், இரவு 10:31

ஐயா சொல்வது சரி. இந்த ஜீன் டெஸ்ட் எல்லாம் லேப்காரர்கள் பிழைக்கக் கண்டுபிடித்தது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று வாங்கிவிட்டு, கடைசியில் "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று எழுதிக் கொடுப்பார்கள்.

எஜிபுரா_அம்மா
செவ்வாய், இரவு 11:50

கயல், பிள்ளைகள் தூங்கின பிறகு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என் கணவர் என் தாய்மாமன், என் அம்மாவின் கடைசித் தம்பி. அதனால் என் பாட்டியே எனக்கு மாமியார். மூத்தவள் பிறந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. கொழுகொழுவென்று இருந்தாள், நேரத்துக்குக் குப்புற விழுந்தாள், முகம் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஏழாம் மாதம், தீபாவளி. எங்கள் சந்தில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். தெரு நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தன, நானே காதைப் பொத்திக்கொண்டேன். தொட்டிலில் அவள் கண்ணிமைகூட அசையாமல் தூங்கினாள். "பாரு, எவ்வளவு தைரியசாலி" என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் வயிறு கலங்கியது. மறுநாள் அவள் தலைக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. குக்கர் விசில் அடிக்கும்போது பார்த்தேன். திரும்பவில்லை. தரையை ஓங்கி மிதித்தால் மட்டும் திரும்புவாள், அதிர்வு தெரிகிறது அல்லவா.

முதலில் போன டாக்டர், "சில குழந்தைகள் லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார். அதில் ஆறு மாதம் போயிற்று. பெரா சோதனை, அதாவது ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை எடுத்தபோது அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்தேனாம், ஆறாம் மாதத்தில் பப்பாளி சாப்பிட்டேனாம். பாட்டி ஒருநாள், "என் வயித்துல பொறந்தவன் நல்லாத்தானே இருக்கான், உன் வயித்துலதான் கோளாறு" என்றார். பாட்டி வயிற்றில் பிறந்தவள்தான் என் அம்மா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கே வரவில்லை.

பிறகு ஒரு மரபியல் டாக்டரிடம் அனுப்பினார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்தார்கள். ஜிஜேபி2 என்று, காது கேட்பதற்கு வேண்டிய ஒரு மரபணு. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. எழுத்துப் பிழை விழுந்த வாக்கியம் மாதிரி இல்லை, நடுவிலேயே முற்றுப்புள்ளி வைத்த வாக்கியம் மாதிரி என்று டாக்டர் விளக்கினார். புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. எனக்கு அந்தக் கெட்ட பிரதி ஒன்று, அவருக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு. "பாட்டியையும் கூட்டி வாங்க" என்றார்கள். பாட்டியிடமும் ஒன்று இருந்தது.

பாட்டி டாக்டரிடம் கேட்டது: "எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது?" டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "எல்லாருக்கும் எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு பாட்டி. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு வேலையைப் பார்த்துக்கும். உங்களுக்கும் அது உங்க அப்பா அம்மாகிட்ட இருந்து வந்ததுதான். இதுல யார் மேலயும் தப்பில்லை." பாட்டி வரும் வழியில் ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பப்பாளிப் பேச்சு நின்றது.

மகளுக்கு இரண்டரை வயதில் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி வைத்தோம். இப்போது மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆறு மாதம் முன்னாடி கண்டுபிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்ற வருத்தம் எனக்குப் போகாது.

விக்கி தம்பி, லேப்காரர் பிழைப்பது இருக்கட்டும். அந்தச் சோதனைதான் என்னைப் பிழைக்க வைத்தது.

நுண்ணோக்கி
புதன், காலை 7:20

எஜிபுரா அக்கா, எழுதியதற்கு நன்றி. நான் மரபியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கயல் கேட்டதற்குக் கணக்கோடு சொல்கிறேன். பயத்தைவிடக் கணக்கு நல்லது.

ஏதோ ஒரு நோயின் கெட்ட பிரதி ஒரு பாட்டியிடம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போய்ச்சேர 2-ல் 1 வாய்ப்பு, பேரப்பிள்ளைகளுக்கு 4-ல் 1. அத்தை மகனும் மாமன் மகளும் அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள். இரண்டு பேரிடமும் இருக்க 16-ல் 1. இரண்டு பேரிடமும் இருந்தால் குழந்தை இரண்டு கெட்ட பிரதியையும் வாங்க 4-ல் 1. ஆக மொத்தம் 64-ல் 1. தாய்மாமன், அக்கா மகள் என்றால் ஒரு தலைமுறை குறைவதால் 32-ல் 1 ஆகிறது. சொந்தமே இல்லாதவர்களிடம் எப்படி? ஐம்பது பேருக்கு ஒருவரிடம் இருக்கும் கெட்ட பிரதி என்றால் பத்தாயிரத்தில் 1தான். வித்தியாசம் எங்கே வருகிறது என்று இதில் தெரியும்.

ஆனால் இது ஒரு குறிப்பிட்ட நோய்க்கான கணக்கு. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பொதுவாக 100 பிரசவத்தில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினால் அதோடு இன்னும் 2 அல்லது 3 கூடும். அதாவது 100-ல் 94, 95 குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். பெரியவர் ஐயா வீட்டில் எல்லாரும் நன்றாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. எஜிபுரா அக்கா வீட்டில் நடந்ததிலும் ஆச்சரியம் இல்லை. கயலுக்குத் தாத்தா, பாட்டியும் சொந்தம் என்பதால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கயலின் தோழி "அண்ணன்" என்றாளே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல ஆசை. நமக்குச் சித்தப்பா மகன் அண்ணன், அத்தை மகன் மாப்பிள்ளை. உறவுமுறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மரபணுக் கணக்கில் இரண்டும் ஒன்றேதான், இரண்டிலும் எட்டில் ஒரு பங்கு பொது. முறை என்பது குடும்பத்தைக் கட்டிக்காக்க வந்த ஏற்பாடு. அது அந்த வேலையை நன்றாகவே செய்தது. நோயைத் தடுக்க வந்த ஏற்பாடு அல்ல.

சொந்தத்தில் கல்யாணத்துக்கும் இப்படிப்பட்ட நோய்க்கும் உள்ள தொடர்பை மரபு விதியோடு சேர்த்துப் பார்த்தவர் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற லண்டன் டாக்டர். சில குழந்தைகளின் அணையாடைத் துணி சிறுநீர் பட்டுக் கறுத்துப்போகும், அல்கேப்டோன்யூரியா என்று பெயர். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட சகோதர, சகோதரி முறைக்காரர்கள் என்று 1902-ல் எழுதினார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி மனிதரிலும் நடக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

நம்ம பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் அப்பாஜி ராவும், ஆலன் பிட்டில்ஸ் என்ற வெளிநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து 1980-களில் கர்நாடகத்தில் நடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட திருமணங்களைப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுக்குப் பக்கம் சொந்தத்தில்தான். தமிழ்நாட்டிலும் இன்றைக்கு நான்கில் ஒன்றுக்கு மேல்.

கேஆர்புரம்காரன்
புதன், மதியம் 1:05

நான் இந்தப் பக்கம் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுடையது சொந்தத்தில் கல்யாணம் இல்லை. ஜாதகம் பார்த்து, தரகர் மூலம் வந்த சம்பந்தம். ஒரே மாவட்டம், ஒரே சாதி, ஆனால் ஏழு தலைமுறைக்கு உறவு கிடையாது. மகளுக்கு எட்டு மாதத்தில் உதடு வெளுத்து, வயிறு உப்பியது. தாலசீமியா மேஜர், உடம்பு போதிய ஹீமோகுளோபினைச் செய்ய முடியாத பிறவி இரத்த நோய். எனக்கும் மனைவிக்கும் ட்ரெய்ட், அதாவது ஒற்றைப் பிரதி. இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மனைவி கர்ப்பமாக இருந்தபோது ஹீமோகுளோபின் 9.5. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவில்லை. மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். அதே இரத்த அறிக்கையில் எம்சிவி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 64 என்று அச்சடித்திருந்தது, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் இருந்தது. 80-க்குக் கீழே என்றாலே தாலசீமியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரியை யாரும் படிக்கவில்லை. மருத்துவமனை பெயர் வேண்டாம், அந்த டாக்டர் கெட்டவரும் இல்லை. அந்தக் காகிதம் இன்னும் என் பைலில் இருக்கிறது.

இப்போது மகளுக்கு 6 வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறோம். ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடம்புக்குள் போகிறது, அது வெளியேற வழியில்லை. இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள்.

இரண்டாவது பிள்ளைக்கு பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்த்தோம். ட்ரெய்ட் மட்டும்தான். முடிவு வரும் வரை அந்தப் பத்து நாளும் நாங்கள் இருவரும் சாப்பிடவே இல்லை என்று சொல்லலாம். அவன் எலும்பு மஜ்ஜை அக்காவுக்குப் பொருந்துமா என்றும் பார்த்தோம். உடன்பிறந்தவர்களிடம் பொருத்தம் கிடைப்பது நான்கில் ஒன்று. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கயல், சொந்தமோ, அசலோ, ஒரு சிபிசி (இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அளவும்) எடுங்கள், எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது) எடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு கல்யாணப் புடவையின் விலை ஆகாது.

நுண்ணோக்கி
புதன், மாலை 6:48

கேஆர்புரம் அண்ணா சொன்னதற்கு மேலே ஒரு சின்னச் சேர்க்கை. எச்பிஎல்சியில் ஏ2 ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் ட்ரெய்ட் என்று பெரும்பாலும் சொல்வோம். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் கீழே இறங்கி ஏமாற்றிவிடும். அதனால் சந்தேகம் இருந்தால் இரும்புக் குறையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

"சொந்தம் இல்லாமலே எப்படி வந்தது?" என்று பலர் கேட்பார்கள். சாதிக்குள்ளேயே பல நூறு ஆண்டுகள் கட்டிக்கொண்டு வந்தால், ஏழு தலைமுறைக்கு உறவு இல்லை என்று நினைப்பவர்களும் முப்பது தலைமுறைக்கு முன்னால் உறவுதான். ஐதராபாத்தில் இருக்கும் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிறிய ஒரு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். மரபணு நோய்க்குப் பேர்போன பின்லாந்துக்காரர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்களைவிட இறுக்கமாக. ஆகவே அசலில் கட்டிவிட்டோம், இனிக் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது.

அந்த யூதர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டே-சாக்ஸ் என்று ஒரு நோய், குழந்தை நாலைந்து வயதுக்குள் போய்விடும். நியூயார்க்கில் ஜோசப் எக்ஸ்டீன் என்ற மதகுரு நான்கு குழந்தைகளை அதில் இழந்தவர். 1983-ல் ஓர் அமைப்பு தொடங்கினார். கல்யாண வயதுப் பிள்ளைகள் இரத்தம் கொடுத்துவிட்டு ஓர் எண் வாங்கிக்கொள்வார்கள். சம்பந்தம் பேசும்போது இரண்டு எண்ணையும் சொன்னால், பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் பதில் வரும். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது, எந்தப் பெண்ணுக்கும் பெயர் கெடாது.

விவேக்நகர்_விக்கி
புதன், இரவு 8:10

சரி, நேற்று அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். அக்காவிடமும் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் அப்பாவுக்குச் சுகர், பெரியப்பா 48 வயதில் ஹார்ட் அட்டாக்கில் போனார். அதுவும் இப்படித்தான் வருகிறதா?

நுண்ணோக்கி
புதன், இரவு 9:02

சுகர் இப்படி இல்லை விக்கி. அதில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குத் துளித்துளியாகச் சேர்க்கின்றன, மீதியைச் சாப்பாடும் தூக்கமும் இடுப்பளவும் தீர்மானிக்கின்றன. அதற்கு ஜீன் டெஸ்ட் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு பாருங்கள்.

இதயத்தில் மட்டும் ஒரு விஷயம் உண்டு. எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போன பிரதி ஒன்று, நம் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேரிடம் இருக்கிறது என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். இருப்பவர்களுக்கு எல்லாம் நோய் வருவதில்லை. ஆனால் பெரியப்பாவுக்கு அடைப்பு இருந்ததா, இதயத் தசை வீங்கியிருந்ததா என்று பழைய அறிக்கையைத் தேடிப் பாருங்கள். தசை நோய் என்றால் வீட்டில் எல்லாரும் ஓர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுப்பது நல்லது.

கயல், உங்களுக்கு: சிபிசி, எச்பிஎல்சி இருவருக்கும். பிறகு ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இருக்கிறது, அரிய நோய்களுக்கு மத்திய அரசு அங்கீகரித்த மையம் அது. இருவரும் கேரியர் பேனல், அதாவது பல நோய்களின் கெட்ட பிரதி ஒன்று இருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கும் சோதனை எடுக்கலாம். அதிலும் எல்லாம் அகப்படாது. பொருள் புரியாத மாற்றம் என்று சிலது வரும், அதற்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் காது சோதனையும் குதிகால் இரத்தச் சோதனையும் விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னாடி, செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறை வம்சத்தை வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, கரு கலைந்திருந்தால் சின்ன முக்கோணம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எத்தனை பேர் பிறந்தார்கள் என்று கேளுங்கள்.

பெரியவர் ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் எட்டுப் பேர் என்றீர்கள். பிறந்தது எட்டுதானா?

அல்சூர்_கயல்
வெள்ளி, இரவு 10:20

அவரிடம் எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்தேன். ஒரே வார்த்தைதான், "நாளைக்கே போலாம்" என்றார். நேற்றுக் காலை இருவரும் சேர்ந்து இரத்தம் கொடுத்தோம். அவருக்கு எம்சிவி 88. எனக்கு 74, எச்பிஎல்சி இன்னும் வரவில்லை. இரும்புக் குறையையும் பார்க்க வேண்டும் என்று நுண்ணோக்கி சொன்னதால், உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து எடுத்தேன், அது 6தான் இருக்கிறது. இரும்பு மாத்திரை மூன்று மாதம் எடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். நிச்சயத்தைத் தையிலிருந்து பங்குனிக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. அத்தைதான் போன் செய்து, "பொறுமையா பாத்துக்கிட்டு வாங்கடி, நான் எங்க ஓடிப்போறேன்" என்றார்.

எஜிபுரா_அம்மா
வெள்ளி, இரவு 10:58

அத்தை அப்படிச் சொன்னாரே, அதுவே போதும் கயல். அம்மாவை இங்கே எஜிபுராவுக்கு ஒரு நாள் கூட்டி வா. என் பாட்டியோடு உட்கார்ந்து பேசட்டும். பாட்டி இப்போது தெருவில் பிள்ளைத்தாய்ச்சி யாரைப் பார்த்தாலும், "காது டெஸ்ட் எழுதிக் கேளு" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

ஸ்ரீராமபுரம்_பெரியவர்
ஞாயிறு, மாலை 4:35

நுண்ணோக்கி, தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்டதும் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. எனக்கு எட்டு என்றுதான் தெரியும். குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியக்காவுக்கு 84 வயது. இன்று காலை போன் செய்து கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

எனக்கு முன்னாடி ஒரு பையனாம். ஒரு வயது ஆகியும் தலை நிற்கவில்லையாம். மாந்தம் என்று சொல்லி வேர் கட்டினார்கள், மந்திரித்தார்கள், அடுத்த ஆடிக்கு அவன் இல்லை. அதற்கும் முன்னாடி ஒரு பெண், வலிப்பு வந்து வந்து போனவள். எனக்குப் பின்னாடி இன்னொரு பையன், முதல்வனைப் போலவே தலை நிற்காதவன். அவனை அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். பெயர்கூடச் சொன்னாள். அம்மா மட்டும் ஆடி வெள்ளியில் மூன்று இலை தனியாகப் போடுவாள், யாருக்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பேரனை உட்கார வைத்து நீங்கள் சொன்ன மாதிரி வரையச் சொன்னேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டான். கீழே சதுரமும் வட்டமுமாக மொத்தம் பதினொன்று வந்தது. என் பேத்திக்கு என் மகள் வீட்டிலேயே சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தக் கிழமை வந்தால் எலெக்ட்ரானிக் சிட்டியில் டாக்டரைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து மெட்ரோவில் எங்கே மாற வேண்டும் என்றும் சொன்னால் நல்லது.